சாப்பிட்டுட்டுத்தானே போடுறேன்

ஆயாவுடைய, அதாவது என் பாட்டியுடைய, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாக்கு இருக்க வேண்டிய இடத்தில், நாலும் ஆறுமாக வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள். எண்ணிப் பார்த்தால் 31 மாத்திரை. பாதித் துண்டுகளில் பெயரே இல்லை. பெயர் இருந்தவற்றில் இரண்டு, வேறு வேறு கம்பெனி போட்ட ஒரே வலி மருந்து: டைக்ளோஃபெனாக்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகள் உங்களுக்குத் தெரியும். முகப்பில் இருந்து வளவை (நடு முற்றத்தை) கடந்து அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை நிலைப்படி! 78 வயது முழங்கால் என்ன செய்யும்? திங்கள்கிழமை காரைக்குடி சந்தைக்குப் போகிறவர்களிடம் காசு கொடுத்து, "அந்த வலி மாத்திரை பத்து வாங்கியா" என்று சொல்லிவிடுவார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. மெடிக்கலில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்படியே இரண்டு வருஷம்.

நான் முன்பு ஒருமுறை கேட்டதற்கு, "சாப்பிட்டுட்டுத்தான ஆத்தா போடுறேன்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மூன்று நாள் மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிருக்கிறது. சூடு என்று இளநீர் குடித்திருக்கிறார். நாலாம் நாள் வளவில் தலைசுற்றி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. மலத்தைக் கருப்பாக்கியது அந்த ரத்தம்தான். வயிறு ஒரு நாள்கூட வலிக்கவில்லை என்கிறார். வயதானவர்களுக்கு இப்படி ஓசையில்லாமல் வருவது அதிகமாம். வலி மாத்திரையே அந்த வலியையும் அமுக்கிவிடலாம்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஏன் போதாது? நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். இரைப்பைச் சுவர் மேல் கோழைப் படலத்தை உண்டாக்கி, அமிலம் சுவரை அரிக்காமல் காப்பதும் அதே குடும்பம்தான். ஆஸ்பிரின் இதன் உற்பத்தியைத் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் அதே வழியில் வேலை செய்பவைதான். மாத்திரை இரைப்பையைத் தொடுவதால் மட்டும் புண் வருவதில்லை. மருந்து ரத்தத்தில் கலந்து அந்தக் காப்பையே குறைத்துவிடுகிறது. அதனால் ஊசியாகப் போட்டாலும் ஆபத்து இருக்கிறது. சாப்பாடு எரிச்சலைக் குறைக்கலாம். புண்ணைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது.

ஆயா விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். இரண்டும் சேரும்போது ரத்தக் கசிவு ஆபத்து கூடும். அதற்காக இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரினோ வேறு ரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், 65 தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வகை வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் போதும் என்பார்கள். அது இரைப்பையைப் பெருமளவு காக்கும், உண்மைதான். அதற்கும் கீழே, குடலின் கீழ்ப்பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து பழனிக்கு நடக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். ராத்திரி தங்குகிற இடத்தில் இந்த அட்டை கைக்குக் கை மாறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் வாங்கிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வியர்த்து நடக்கும் உடம்பில் இது சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் இருக்கிறது, அளவோடு போட்டால் வயிற்றுக்கு அது சாது. மேலே தடவும் ஜெல் இருக்கிறது, அதில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு.

இன்றைக்கே உங்கள் அப்பத்தா, ஐயா பெட்டியைத் திறந்து பாருங்கள். மலம் எப்படிப் போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கருக்கும். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றமும் மாறியிருந்தால், அல்லது காப்பித்தூள் கரைத்தது போல வாந்தி வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே கிளம்புங்கள்.