டர்ன்டேபிளின் அடியில் ஒரு சைக்கிள் டியூப்

இசைத்தட்டைச் சுழற்றி ஒலிக்கச் செய்யும் டர்ன்டேபிளுக்கு, அதிர்வைத் தடுக்க விலையுயர்ந்த தாங்கிகளை வாங்கியே ஆகவேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதை என்னால் ஏற்க இயலவில்லை. டர்ன்டேபிளின் ஊசி இசைத்தட்டுப் பள்ளத்தின் நுண்ணிய அசைவைப் படிக்கும் கருவி என்பதால், ஸ்பீக்கரிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் அதிர்வையும் அது இசையோடு சேர்த்தே படித்துவிடுகிறது. ஒலியைக் கூட்டும்போது எழும் ஊளைச் சத்தம் இப்படித்தான் பிறக்கிறது. பாதியளவு காற்றடைத்த சிறிய சைக்கிள் டியூபின் மேல் கனமான கடப்பாக்கல் பலகையை வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை மட்டம் பார்த்து அமர்த்தினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். காற்றை இறுக அடைத்தால் பயனில்லை. டியூப் விறைப்பாகி, அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஒரு நொடியில் அசையும் எண்ணிக்கை, உயர்ந்துவிடும். எந்தத் தாங்கியும் தன் இயல்பு அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேலுள்ள அதிர்வுகளை மட்டுமே குறைக்கும். அதற்குக் கீழே குறைக்காது, சில இடங்களில் பெருக்கவும் செய்யும். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும், அதன் நுனியில் ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையில் ஒத்ததிரும், அதாவது அந்த அதிர்வைப் பெருக்கிக்கொள்ளும் என்பதால், தாங்கியின் இயல்பு அதிர்வெண் அதைவிட நன்கு தாழ்வாக, 5 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதே நல்லது. டியூபில் காற்று மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை மட்டத்தைச் சரிபாருங்கள். ஊசியற்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கு இத்தனை ஏற்பாடு தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.