இடிந்த பிறகு அனுப்பாதீர்கள்

அந்த ட்ரோன் வீடியோவை இதுவரை பதினான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். மேலே கேமரா பறக்கிறது, பின்னணியில் சோகப் புல்லாங்குழல், கீழே ஜேசிபி. செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றை இடிக்கிறார்கள். எந்த வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, போன வாரம் முழுக்க அதுதானே ஓடியது. கமெண்ட்டில் ஊரே கண்ணீர் விட்டிருக்கிறது. சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. அந்த வீட்டின் மூன்றாம் கட்டில், அதாவது வாசலிலிருந்து மூன்றாவது பகுதியில், எத்தனை அறை?

தெரியாது, இல்லையா? ஏனென்றால் யாரும் அளக்கவில்லை. கல்யாண ஷூட் நடத்தினார்கள், தூணைக் கட்டிப்பிடித்து ரீல்ஸ் போட்டார்கள், ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக்கொண்டுகூடப் படம் எடுத்தார்கள். டேப்பை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை.

போட்டோ ஆவணம் ஆகாது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! முகப்புக் கதவில் நின்றால் வளவு என்கிற பெரிய முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் நேர்கோட்டில் தெரியும். அந்த நேர்கோட்டைத் தாளில் பிடிக்க அளந்து போட்ட பிளான் வேண்டும். வளவில் விழுந்த மழை எந்த வழியாக எங்கே போனது, தேக்கு உத்தரத்துக்கு மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை எத்தனை அங்குலக் கனம், எந்த அறை எந்த மகனின் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு, ஒதுக்கியது, இதெல்லாம் எந்த ட்ரோனுக்குத் தெரியும்?

"இவ்வளவு பேசுகிறவர் நீங்களே அளந்திருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அளந்தேன், தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சம்பளமில்லாமல், முப்பது மீட்டர் டேப்போடு. அங்கே தனியாக இருந்த ஆச்சி, "எடுத்துக்கப்பா, எனக்கப்புறம் யாரு பாக்கப் போறா" என்று மோர் கொடுத்தார்கள். முகப்பும் வளவும் ஒரு நாளில் முடிந்தது. மூலைக்கு மூலை அளந்தபோதுதான் வளவு சரியான சதுரமில்லை, ஒரு பக்கம் நாலு அங்குலம் கூடுதல் என்று தெரிந்தது. இரண்டாம் கட்டின் நெல் அறைச் சுவரில் கரிக்கோடுகள், ஐந்தைந்தாக. மூட்டைக் கணக்கு. மறுநாள் வெளியூர்ப் பங்காளி ஒருவர் போன் செய்தார். "அளவெடுத்துட்டுப் போய் யாருக்குக் கேஸ் போடக் குடுக்கப் போறீங்க?" அவ்வளவுதான், டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் டேப் என்றாலே பாகப்பிரிவினைதான். நாற்பது பங்காளிக்குப் பொதுவான வீட்டுக்கு ஓடு மாற்ற யார் காசு கொடுப்பார்கள்? விற்கட்டும். இடிக்கவும் இடிக்கட்டும். அளக்கவிட்டு இடிக்கக் கூடாதா?

அப்புறம், "வட்டிக்காசில் கட்டிய வீடு, போனால் போகட்டும்" என்கிற புரட்சியாளர்கள். சரி, வட்டிக்காசுதான், பர்மா வரை போய்ச் செட்டியார்கள் கடன் கொடுத்துச் சேர்த்தது. 1930-களின் விலைச்சரிவில் கடனைக் கட்ட முடியாத பர்மா விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு ஓடி வந்தார்கள். எல்லா வீடியோவிலும் "பர்மா தேக்கு, பர்மா தேக்கு" என்று வாய் பிளக்கிறீர்களே, அந்தத் தேக்கு வந்த பர்மாவின் கதையில் இவ்வளவும் இருக்கிறது. அந்த விவசாயியின் பக்கம் பேசவும் இந்த வீடு ஒரு சாட்சி. சாட்சியைக் கொன்றுவிட்டு யாரை விசாரிப்பீர்கள்?

யுனெஸ்கோ என்று ஆரம்பிக்காதீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான அவர்களுடைய தற்காலிகப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியல் பத்திரமாகத்தான் இருக்கிறது.

"உனக்கென்ன அவ்வளவு உரிமை, உன் வீடா?" இதைக் கேட்டவரை பிளாக் செய்யவில்லை, பதில் சொல்லவே வைத்திருக்கிறேன். என் வீடு இல்லை. என் அப்பா கொத்தனார், அவருடைய தாத்தாவும் கொத்தனார். சின்ன வயதில் அப்பா என்னை அந்த வளவுக்குள் கூட்டிப்போய், "கன்னத்த வச்சுப் பாருடா" என்றார். சித்திரை வெயிலில் அந்தச் சுவர் மண்பானைபோல ஜில்லென்று இருந்தது. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று கைப்பக்குவம் பார்த்து அரைத்து, கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்த்த சுவர். "இது நம்ம ஆளுக பூசுனது" என்றார் அப்பா. முகப்பின் மேலே கஜலட்சுமிக்குக் கீழே வீட்டுக்காரர் விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்து, சுதையில் பெரிதாக இருந்தது. பூசியவன் பெயர் எங்கே இருந்தது? சுவர்தான் அவன் கையெழுத்து. அது இப்போது டிராக்டரில் ஏறி எந்தப் பள்ளத்தையோ நிரப்பிக்கொண்டிருக்கும். நிலைக்கதவு மட்டும் பழம்பொருள் கடைக்கு நல்ல விலைக்குப் போயிருக்கும்.

சரி, கோபம் போதும். என்னிடம் இருக்கும் வரைபடம் நெல் அறையோடு நிற்கிறது, அதற்குப் பின்னால் வெள்ளைத் தாள். அந்த வீட்டில் வேலை பார்த்தவர்கள், விசேஷத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறியவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அடுப்படி எந்தப் பக்கம், கிணற்றுக்குப் போக எத்தனை படி, ஆட்டுக்கல் எந்த மூலையில் கிடந்தது, ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். பென்சிலில் போட்டு வைக்கிறேன்.