டைமர் மட்டும் போதாது
டிராஃபிக் சிக்னலில் சிவப்பு இன்னும் எத்தனை நொடி பாக்கி என்று காட்டும் டைமர் இருந்தாலே பெட்ரோல் மிச்சம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 30 நொடிக்கு மேல் என்றால் இன்ஜினை அணைக்கலாம், நல்லது. ஆனால் நின்ற வண்டியை முதல் கியரிலிருந்து மறுபடி கிளப்புவதும் பெரிய விரயம். அதைத் தவிர்க்க, ஒன்றில் பச்சையில் கிளம்பிய வண்டிக்கு அடுத்ததிலும் பச்சை கிடைக்கும்படி அடுத்தடுத்த சிக்னல்களைக் கோர்க்க வேண்டும்.

அடுத்தடுத்த இரண்டு சிக்னல்களுக்கும் ஒரே சுழற்சி நேரம் (ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை), 90 நொடி என்று வையுங்கள். இடைவெளி 500 மீட்டர், வேகம் 40 கி.மீ. என்றால் பயணம் 45 நொடி. முதல் சிக்னலில் பச்சை விழுந்து சரியாக 45 நொடியில் இரண்டாவதில் பச்சை போட்டால் சொதப்பும். பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பிய கார்கள் அங்கே நிற்குமே! லேனுக்கு ஆறு கார், தலைக்கு 2 நொடி, கிளம்பும் தாமதம் 2. ஆக 14 கழித்து 31-ல் பச்சை விழணும்.

வண்டி வரத்தைப் பார்த்து நேரத்தை மாற்றும் சென்சார் சிக்னலில் டைமர் எண் திடீரென்று தாவும். அதை நம்பி இன்ஜினை அணைப்பவர் பாடு திண்டாட்டம்தான்.