30 விநாடி விதி என்று சட்டத்தில் ஒன்று இல்லை

திரைப்படப் பாடலை 30 விநாடிக்குள் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சிக்கல் வராது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் இதை நம்பிப் பகிர்வதால் சொல்கிறேன், அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் கிடையாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(அ), நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் அது நோக்கத்தைப் பொறுத்தது: சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி. விநாடிக் கணக்கு அதில் எங்கும் இல்லை. ஒரு பாடலின் பல்லவியை அலசும் விமர்சனத்துக்கு இடமுண்டு. கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாக அதே பல்லவியில் பத்து விநாடியைப் போட்டால் இந்தப் பிரிவைக் காட்டித் தப்பிப்பது கடினம். பெயர் போட்டு நன்றி சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

சரிபார்க்க, மத்திய அரசின் 'இந்தியா கோட்' (India Code) தளத்தில் இந்தச் சட்டத்தைத் தேடி 52ஆம் பிரிவைப் படியுங்கள். யூடியூபில் வீடியோ ஏற்றுபவர்கள் கணினியில் 'யூடியூப் ஸ்டுடியோ' (வீடியோக்களை ஏற்றி நிர்வகிக்கும் தளம்) திறந்து, பதிவேற்றத்தின்போது வரும் 'Checks' (சரிபார்ப்பு) பக்கத்தில் சோதனை முடியும்வரை காத்திருங்கள். தானியங்கி அமைப்பு கண்டுபிடித்த உரிமைக் கோரிக்கைகள் வெளியிடும் முன்பே அங்கே தெரியும். அங்கே ஒன்றும் வரவில்லை என்பதால் உரிமை கிடைத்துவிட்டதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; உரிமையாளர் பிறகும் புகார் தரலாம்.