பாலை மரத்தடியில் ராத்திரி பத்து மணி

வியட்நாமின் தலைநகர் ஹனோயில் மூன்று நாள், பிறகு ரயிலில் ஹூவே, ஹோய் ஆன், கடைசியாக சைகோன். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு போன அக்டோபரில் கிளம்பும்போது இதுதான் திட்டம். ஹனோயிலேயே பன்னிரண்டு நாள் தங்கிவிட்டேன். ஹோய் ஆனைப் பார்க்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

"அப்படி என்ன இருக்கு அங்கே?" என்று வந்ததிலிருந்து கேட்கிறார்கள். ஏரி இருக்கிறது, பகோடா என்கிற புத்தர் கோயில் இருக்கிறது, கன்பூசியஸுக்காக 1070-இல் கட்டிய 'இலக்கியக் கோயில்' இருக்கிறது. எல்லாம் பார்த்தேன். ஆனால் என்னைப் பிடித்துவைத்தது ஒரு சாண் உயரத்து பிளாஸ்டிக் ஸ்டூல்.

முதல் நாள் காலை, ஹாங் பாக் தெரு. ஹனோயின் பழைய பகுதியில் 'ஹாங்' என்று தொடங்கும் தெருப் பெயர்கள் ஏராளம். ஹாங் என்றால் சரக்கு. ஹாங் பாக்கில் வெள்ளி, ஹாங் மாவில் படையலுக்கான காகிதம், ஹாங் தியெக்கில் தகரம். மதுரையில் எழுத்தாணிக்காரத் தெரு இருக்கிற மாதிரிதான். எழுத்தாணி நம்மிடம் பெயரில் மட்டும் தங்கிவிட்டது. ஹாங் தியெக்கில் இன்றைக்கும் தகரம் தட்டுகிற சத்தம் காதை அடைக்கிறது.

ஹாங் பாக் நடைபாதையில் ஒரு அம்மா பெரிய பானையில் கோழி ஃபோ, அதாவது அரிசி நூடுல்ஸ் போட்ட சூப், கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலால் ஒரு ஸ்டூலை நகர்த்திப்போட்டார். உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அலுவலகம் போகிற பெண், இன்னொரு பக்கம் செய்தித்தாள் வாசிக்கிற பாட்டி. முழங்கால் உரசுகிற தூரத்தில் பைக்குகள் ஓடுகின்றன. ஐம்பதாயிரம் டோங், நம் காசுக்கு ஏறக்குறைய 170 ரூபாய். குடித்து முடித்த பிறகும் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. யாருடன் வந்தாய் என்று எந்தக் கண்ணும் கேட்கவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. நாகர்கோவிலில் வளர்ந்தவள். தெருவோரத்தில் சும்மா உட்கார்ந்த ஞாபகமே எனக்கில்லை. பஸ்ஸுக்கு நிற்கலாம், கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். வெளியே இருப்பதற்கு ஒரு காரணம் கையில் வேண்டும். டீக்கடை பெஞ்சு ஆண்களுடையது. இதை நான் குறையாகக்கூட நினைத்ததில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் இத்தனை வருடம் எனக்கு என்ன கிடைக்காமல் போயிருக்கிறது என்று தெரிந்தது.

அன்றிலிருந்து பெண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹனோயின் நடைபாதையை நடத்துவது பெரும்பாலும் அவர்கள்தான். காலை ஐந்து மணிக்கு ஹோவான் கியெம் ஏரிக்கரையில் அறுபது, எழுபது வயதுப் பெண்கள் வரிசையாக நின்று விசிறியோடு ஆடுகிறார்கள். மூங்கில் தண்டின் இரு முனையிலும் கூடை தொங்க, தோளில் சுமந்து நடக்கிறார்கள் பழம் விற்கிற பெண்கள். நாம் முருகனுக்கு எடுக்கிற காவடியின் ஆதி வடிவம் அது. அங்கே அதில் கொய்யாவும் அன்னாசியும் போகின்றன. சாலையைக் கடக்கத் தெரியாமல் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்து, நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடக்கவேண்டும் என்று நடந்தே கற்றுக்கொடுத்தவரும் தோளில் தண்டு சுமந்த ஒரு பாட்டிதான். பைக்குகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி எங்களைச் சுற்றிப் பிரிந்து போயின.

லாங் பியென் பாலத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1899-இல் தொடங்கி 1902-இல் முடித்த இரும்புப் பாலம் அது. 1967-இலும் 1972-இலும் அமெரிக்கக் குண்டுகள் விழுந்து, பழைய வளைவுகள் சில இடங்களில் அப்படியே நிற்க, நடுவில் மொட்டையாக ஒட்டுப்போட்டிருக்கிறது. நடுவில் ரயில், இரு ஓரத்திலும் பைக்குகள். நான் சொல்ல வருவது பாலத்துக்குக் கீழே இருக்கிற சந்தையை. நள்ளிரவில்தான் அது விழிக்கிறது. லாரியிலிருந்து இறங்குகிற பழப்பெட்டிகளை வண்டியில் ஏற்றி இழுக்கிறவர்களிலும் பெண்கள் நிறையப் பேர். வாடகை அறைகளில் நெருக்கியடித்துத் தங்கி, கிராமத்தில் விட்டுவந்த பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். இந்த ஊர் பெண்களுக்குச் சொர்க்கம் என்று நான் எழுதமாட்டேன். லீ துவாங் கியெட் தெருவில் உள்ள பெண்கள் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். சீனாவின் ஹான் படையை கி.பி. 40-இல் எதிர்த்துக் கிளம்பிய ச்சுங் சகோதரிகளை இந்த நாடு கொண்டாடுகிறது. அதே அருங்காட்சியகத்தில் தெருவில் விற்கிற பெண்களின் வாழ்க்கைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெளியே வந்தால் நிலைமை வேறு. 2017-இல் நடைபாதைகளைக் காலிசெய்ய பெரிய நடவடிக்கையே எடுத்தார்கள். நான் இருந்தபோதும் ஒருநாள் போலீஸ் வண்டி வந்தது. ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டு, பானையோடு ஒரு நிமிடத்தில் காணாமல் போயின. வண்டி நகர்ந்ததும் திரும்ப வந்தன. நடப்பதற்கு இடம் வேண்டும், சரி. ஆனால் இந்தப் பெண்களை அப்புறப்படுத்திவிட்டு மிஞ்சுகிற சுத்தமான நடைபாதையில் என் மாதிரி ஒருத்தி எங்கே உட்காருவாள்?

இனி அந்த வாசனை. நான்காம் நாள் ராத்திரி நுயென் ஸு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். காற்று முழுக்க, தலை கிறுகிறுக்கிற ஒரு மணம். எனக்குத் தெரிந்த மணம். நிமிர்ந்து பார்த்தால் ஏழிலைப்பாலை, கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கிறது. ஹனோய்க்காரர்கள் அதை 'ஹோவா சுவா', பால்பூ என்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் இலையுதிர்காலத்தின் வாசனை.

எங்கள் ஊரில் அந்த மரத்தில் யட்சி இருக்கிறாள். "பாலைக்குக் கீழ ராத்திரி போவாத மக்கா, பிடிச்சிருவா" என்று ஆச்சி சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். பூக்கிற மாதத்தில் அந்த வழியே வேண்டாம் என்று அம்மா சுற்றிக் கூட்டிப்போவாள். ஹனோயில் அதே மரத்தடியில் ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பாட்டிகள் ஸ்டூல் போட்டு ஐஸ் டீ விற்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் சூரியகாந்தி விதை கொறித்தபடி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். ஒரு பாட்டி எதுவும் கேட்காமல் விதைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

மீதி எட்டு ராத்திரியும் அங்கேதான் இருந்தேன்.

ஒருநாள் அங்கிருந்தே அம்மாவை வீடியோவில் அழைத்தேன். நம் ஊரில் அப்போது எட்டரை மணி. "ரோட்டுலயா இருக்க இந்நேரத்துல? யார் கூட?" என்றாள். தனியாக என்றேன். போனைத் திருப்பி மரத்தைக் காட்டினேன், பூவைக் காட்டினேன், பாட்டிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "அந்த ஸ்டூல்ல என்னால உக்கார முடியுமா? முட்டு வலிக்குமே."

அறுபத்து மூன்று வயதில் அம்மாவுக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கப்போகிறோம். வரும் அக்டோபரில் பாலை பூக்கும்போது இரண்டு பேரும் போகிறோம். அந்தப் பாட்டிகளிடம் கொஞ்சம் உயரமான ஸ்டூல் ஒன்று கேட்டு வாங்கவேண்டும்.