நீலமாக இருந்தால் போதுமா?

"நீலக் கோட்டிங் உள்ள ஏசி காயில் (coil, அதாவது குழாயும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி) அரிக்கவே அரிக்காது, கழுவவும் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. பல ஏசிகளில் அந்த நீலம், தண்ணீர் தகட்டில் தங்காமல் வழிந்தோடுவதற்கான மெல்லிய பூச்சு, கூடவே கொஞ்சம் பாதுகாப்பு, அவ்வளவுதான். கடலோரத்தில் உப்பு ஈரம் படிந்தால் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடுகிற இடத்தில் அலுமினியம்தான் முதலில் வெள்ளைப் பொடியாக உதிரும். அங்கே எபாக்சி (கெட்டியாக இறுகும் ஒரு பிசின்) மாதிரி பூச்சில் காயிலையே முழுதாக முக்கியெடுப்பார்கள், அப்புறமும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் ஆகவேண்டும்.

வேலூரில் நமக்குக் கடல் உப்புக் கவலை இல்லை, சரி. ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் ஓடும் இடத்தருகே வீடு என்றால், அந்த அழுகிய முட்டை நாற்றம், அதாவது ஹைட்ரஜன் சல்பைடு, செம்பைக் கறுக்கவைக்கும். தங்கை வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியை (அவுட்டோர்) திறந்தபோது தகடு நீலமாகத்தான் இருந்தது, ஓரத்து வளைவுக் குழாய்கள் மட்டும் கரிக்கட்டை.