எண் சிம் கார்டுக்குள் இல்லை

கடைக்காரர் நம் சிம்மை ஒரு நிமிடம் வாங்கினாலே அதிலுள்ள கைபேசி எண்ணை நகலெடுத்துவிடுவார் என்று பலர் நம்புவது சரியல்ல. நம் எண் சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. நம்மை அடையாளம் காட்ட சிம்மில் இருப்பவை ஐஎம்எஸ்ஐ எனப்படும், அதிகபட்சம் 15 இலக்கமுள்ள சந்தாதாரர் அடையாளமும், 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசியச் சாவியும்தான். சிம்மின் தொடர்புப் பட்டியலில் 'என் எண்' என்று தெரிவது வெறும் குறிப்பு, அதை மாற்றி எழுதினாலும் அழைப்புகள் வழக்கம்போல் வரும்.

சிம் உண்மையானதுதானா என்று சோதிக்க, நிறுவனத்தின் வலையமைப்பு ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, சிம் தன் சாவியைக்கொண்டு அதற்கான விடையைத் தானே கணித்துத் திருப்பி அனுப்புகிறது. சாவி மட்டும் சிம்மைவிட்டு வெளியே வருவதே இல்லை. 1998இல் முறியடிக்கப்பட்ட காம்ப்128 என்ற பழைய கணிப்புமுறையைப் பயன்படுத்திய அட்டைகளை நகலெடுக்க முடிந்தது உண்மை. ஆனால் அதற்கும் அட்டை கையில் இருக்க வேண்டும், பல்லாயிரம் முறை வினவ வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு. மோசடிக்காரர் ஒருவர் நம் பெயரில் போலி ஆவணம் காட்டி மாற்று சிம் வாங்கினால், நிறுவனமே நம் எண்ணைப் புதிய அட்டையோடு இணைத்துவிடும். வங்கியின் ஓடிபி அவருக்குப் போகும். இதனால்தான், சிம் மாற்றிய 7 நாள்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காரணமின்றிச் சிக்னல் முற்றிலும் நின்றால், உடனே சேவை நிறுவனத்தையும் வங்கியையும் வேறொரு கைபேசியிலிருந்து அழையுங்கள்.